மாமனாரின் கட்சிப் பிடிவாதமும் குழந்தையின் தட்டம்மை ஊசியும்

தங்கச்சி, "இது அந்தக் கட்சி ஆட்சி போடுற ஊசி, என் பேரனுக்கு வேண்டாம்"னு அம்பாசமுத்திரத்தில் மாமனார் மறிக்கிறார்னு எழுதியிருந்தீங்க. பிள்ளைக்கு ஒன்பது மாசம் முடிஞ்சாச்சு. தட்டம்மை ஊசியோட முதல் தவணை 9லிருந்து 12 மாசத்துக்குள்ள போடணும். அவர் மனசு மாறட்டும்னு காத்திருக்காதீங்க. வர்ற புதன்கிழமையே வீட்டுக்காரரோட சுகாதார நிலையத்துக்குப் போயிருங்க. தட்டம்மை காத்துல பரவும். கட்சி பார்த்து வராது.

மாமனார்கிட்ட ஊசியைப் பத்தி வாதாடினா கட்சிச் சண்டையாத்தான் முடியும். நம்ம பக்கம் கட்சிங்கிறது குடும்ப மானம் மாதிரி. 2021 ஜனவரியில் உத்தரப் பிரதேசத்து சமாஜ்வாதி கட்சித் தலைவர் அகிலேஷ் யாதவ் கொரோனா ஊசியை பா.ஜ.க. ஊசின்னு சொல்லி மறுத்தார். ஜூனில் அவரோட அப்பா முலாயம் சிங் போட்டுக்கிட்ட பிறகு, தானும் போட்டுக்கறேன்னார். தன் ஆள் முன்னால வந்தாத்தான் இறுக்கம் விடும்.

அதனால மாமனார் மதிக்கிற கிளைச் செயலாளர் அண்ணாச்சியைப் பேசச் சொல்லுங்க. அவர் வீட்டுப் பேரப்பிள்ளைக தடுப்பூசி அட்டையைக் காட்டினாலே போதும். 1995ல் தொடங்கின போலியோ சொட்டு மருந்தை இங்கே தி.மு.க., அ.தி.மு.க. ரெண்டு ஆட்சியும் விடாம கொடுத்துச்சு. 2011 ஜனவரிக்குப் பிறகு நாட்டில் இயற்கையாப் பரவுற போலியோ (காட்டு வைரஸ்) யாருக்கும் வரலை. இதை அண்ணாச்சியே சொல்லட்டும், நீங்க சொல்லாதீங்க.

ரெண்டாம் தவணை 16 மாசத்துக்கு மேல. அப்போ மாமனாரையே பிள்ளையைத் தூக்கிட்டு வரச் சொல்லிப் பாருங்க.