டாலஸ் குளிரில் வீட்டைப் பூட்டிவிட்டு மூன்று வாரம் ஊருக்குப் போகிறோம். தண்ணீர்க் குழாய்கள் உறைந்து வெடிக்காமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?

இரண்டு விஷயம் கேட்டிருக்கிறீர்கள். டிசம்பர் கடைசியில் மூன்று வாரம் வீடு பூட்டியிருக்கும், அதற்கு என்ன முன்னேற்பாடு என்பது ஒன்று. செலவு மிச்சம் பிடிக்க வீட்டு ஹீட்டரை அணைத்துவிட்டுப் போகலாமா என்பது இன்னொன்று. ஹீட்டரை அணைக்கவே கூடாது. முன்னேற்பாடு என்றால், தெருவிலிருந்து வீட்டுக்குள் வரும் மெயின் வால்வை மூடிவிட்டுக் கிளம்புங்கள். மற்றதெல்லாம் அதற்கு அடுத்தபடிதான். இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 2021 பிப்ரவரியில் எங்கள் கராஜ் கூரை பிய்ந்து விழுந்ததை நின்று பார்த்தவள் நான்.

எங்கள் வீடு டாலஸை ஒட்டிய பிளேனோவில், 1990களில் கட்டியது. மாடிக் குளியலறை கராஜுக்கு நேர் மேலே இருக்கிறது. அந்த வாரம் 16ஆம் தேதி டாலஸ் ஃபோர்ட் வொர்த் விமான நிலையத்தில் மைனஸ் 2 டிகிரி பாரன்ஹீட், அதாவது மைனஸ் 19 செல்சியஸ் பதிவானது. 1949க்குப் பிறகு இங்கே அவ்வளவு குளிர் வந்ததில்லை. அதற்கு முந்தின நாள் விடியும் முன்பே மின்சாரம் போய்விட்டது. டெக்சாஸ் முழுக்க 45 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் இருண்டு கிடந்த நாட்கள் அவை. எங்கள் ஹீட்டர் கேஸில் ஓடுவதுதான், ஆனாலும் சூட்டை வீடு முழுக்கத் தள்ளும் விசிறிக்கு மின்சாரம் வேண்டுமே.

அன்று சாயங்காலம் மாடிக் குளியலறையில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வரவில்லை. மதுரையில் வளர்ந்தவளுக்கு அது பழகிய காட்சி. டேங்க் காலியாகியிருக்கும், மோட்டார் போட்டால் வந்துவிடும் என்று பழகிய மனது. குழாயை இறுக மூடிவிட்டுக் கீழே வந்துவிட்டேன். அந்த நேரத்தில் செய்யவே கூடாதது அதுதான்.

மின்சாரம் திரும்பி வந்து வீடு சூடேறத் தொடங்கிய மறுநாள் காலை, சுவருக்குள் மழை பெய்வது போல ஒரு சத்தம். கராஜுக்கு ஓடினால் கூரையின் ஷீட்ராக், அதாவது ஜிப்சம் பலகை, நடுவில் தொட்டில் போலத் தொங்குகிறது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஈரப் பஞ்சோடு மொத்தமாக விழுந்தது. கணவர் வால்வைத் தேடி வீட்டைச் சுற்றிச் சுற்றி ஓடினார். வாங்கி ஆறு வருடமாகியும் அது எங்கே இருக்கிறது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. கடைசியில் பக்கத்து வீட்டுப் பெரியவர்தான் டி வடிவத்தில் ஒரு நீள இரும்புக் கம்பியோடு ஓடி வந்தார். நடைபாதை ஓரத்துப் புல்லில் புதைந்திருந்த மீட்டர் பெட்டியின் மூடியைத் தூக்கி, உள்ளே கம்பியை விட்டு ஒரு கால் சுற்று சுற்றினார். சத்தம் நின்றது. அதற்குள் இருபது நிமிடம் போய்விட்டிருந்தது.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. ஊரில் குழாய் உடைந்தால் மாடியில் இருக்கிற டேங்க் காலியானதும் தண்ணீர் தானாக நின்றுவிடும். இங்கே டேங்க் கிடையாது. குழாய் நேராகத் தெரு மெயினோடு சேர்ந்திருக்கிறது, 24 மணி நேரமும் அழுத்தத்தோடு. யாராவது மூடும் வரை அது நிற்கவே நிற்காது. நீங்கள் திருநெல்வேலியிலோ திருச்சியிலோ இருக்கும்போது இங்கே குழாய் உடைந்தால், பக்கத்து வீட்டார் கதவிடுக்கில் தண்ணீர் வழிவதைப் பார்க்கும் வரை ஓடிக்கொண்டே இருக்கும்.

பிளம்பர் பன்னிரண்டு நாள் கழித்து வந்தார். அந்த மாதம் டாலஸில் பிளம்பர் கிடைப்பதும் அரிது, குழாய் இணைக்கும் பிட்டிங் கிடைப்பதும் அரிது. வெட்டியெடுத்த செப்புக் குழாயை என் கையில் கொடுத்துக் காட்டினார். கத்தியால் கீறியது போல விரல் நீளத்துக்கு ஒரு பிளவு. எனக்கு ஆச்சரியமாக இருந்தது என்னவென்றால், உறைந்த இடம் வெளிச்சுவரை ஒட்டி இருந்தது, பிளவோ அங்கிருந்து மூன்றடி தள்ளி, நான் இறுக மூடிய குழாயின் பக்கம்.

தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரிகிறது. ஃப்ரீசரில் நிரம்பிய கண்ணாடி பாட்டிலை மறந்து வைத்தவர்களுக்கு இது தெரியும். ஆனால் குழாயில் நடப்பது கொஞ்சம் வேறு. பனிக்கட்டி ஓரிடத்தில் அடைத்துக்கொண்டு வளர வளர, அதற்கும் மூடிய குழாய்க்கும் நடுவில் மாட்டிக்கொண்ட தண்ணீரை நெருக்குகிறது. தண்ணீர் சுருங்கிக் கொடுக்காது. அழுத்தம் ஏறிக்கொண்டே போய், எது பலவீனமான இடமோ அங்கே பிளக்கிறது. தெருப் பக்கம் இருக்கும் தண்ணீருக்கு அந்தப் பிரச்சினை பெரும்பாலும் இல்லை, பின்னால் மெயினுக்குள் தள்ளிக்கொண்டு போக வழியிருக்கிறது. குழாயைத் துளி திறந்து வைத்திருந்தால் இந்தப் பக்கமும் அழுத்தம் வெளியேறியிருக்கும், பனி அடைத்தாலும் செம்பு பிளந்திருக்காது. பிளந்த பிறகும் பனிக்கட்டியே அடைப்பாக நின்று ஓட்டையைக் காத்துக்கொண்டிருக்கிறது. அது உருகும்போதுதான் வீடு நனைகிறது. அதனால்தான் குளிர் விட்டது என்று நிம்மதியாகிற நாளில் இங்கே கூரைகள் விழுகின்றன.

வட எல்லையில் இருக்கும் மினசோட்டா மாநிலத்தில் இதைவிட அதிகக் குளிர், அங்கே எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று கேட்கலாம். அங்கே குழாய் மண் உறையும் ஆழத்துக்குக் கீழே வந்து, பேஸ்மென்ட் என்ற நிலத்தடி அறை வழியாக வீட்டுக்குள் ஏறுகிறது, கூடியவரை உள்சுவர்களிலேயே ஓடுகிறது. நம் வீடுகள் கான்கிரீட் தளத்தின் மேல் உட்கார்ந்திருப்பவை, பேஸ்மென்ட் கிடையாது. நிறைய வீடுகளில் குழாய்கள் கூரைக்கு அடியில் இருக்கும் அட்டிக்கிலும் வெளிச்சுவரிலும் கராஜின் மேலும் போகின்றன. அட்டிக்கில் வெளிக்குளிர்தான் உள்ளேயும். இன்சுலேஷன் எனும் வெப்பக்காப்பு உறை சுற்றாத அட்டிக் குழாய்களை வைத்து இல்லினாய் பல்கலைக்கழகத்தில் சோதித்துப் பார்த்தபோது, வெளியே 20 டிகிரி பாரன்ஹீட்டைத் தொட்டதும், அதாவது மைனஸ் 7 செல்சியஸ் வாக்கில், உறைய ஆரம்பித்தன. அதனால் தண்ணீர் உறையும் 32 டிகிரி பாரன்ஹீட் என்று செய்தியில் கேட்டதும் பதற வேண்டாம், 20 என்று கேட்டால் அன்று மாலையே எழுந்து வேலை பாருங்கள். காற்றும் சேர்ந்து அடித்தால் இன்னும் கவனம் வேண்டும். சுவரில் இருக்கும் சின்ன இடுக்கு வழியாகக் குளிர்காற்று நேராகக் குழாயின் மேல் விழுந்தால் போதும்.

சரி, உங்கள் பயணத்துக்கு வருகிறேன். கிளம்ப இன்னும் சில வாரம் இருக்கும்போதே மெயின் வால்வைக் கண்டுபிடித்து, ஒருமுறை உங்கள் கையாலேயே மூடித் திறந்து பாருங்கள். வீட்டுப் பக்கத்து வால்வு பெரும்பாலும் மீட்டருக்கும் வீட்டுக்கும் நடுவில் புல்லுக்குள் ஒரு சின்னப் பெட்டியில் இருக்கும், சில வீடுகளில் கராஜ் சுவரில் இருக்கும். பழைய வால்வாக இருந்தால் மூடும்போது சரியாக நிற்காது, ஒழுகவும் தொடங்கலாம். அதை இப்போதே தெரிந்துகொண்டால் பிளம்பரைக் கூப்பிட நேரம் இருக்கும். மீட்டர் பெட்டிக்குள் இருப்பது நகராட்சியின் வால்வு, அவசரத்துக்கு நீங்கள் தொடலாமா என்று உங்கள் ஊரில் ஒரு போன் போட்டுக் கேட்டு வையுங்கள். அந்த டி வடிவக் கம்பி எந்த ஹார்ட்வேர் கடையிலும் கிடைக்கும், ஒன்று வாங்கி கராஜில் மாட்டுங்கள்.

கிளம்பும் நாளில் கடைசி ஆள் குளித்து முடித்ததும் மெயினை மூடுங்கள். தண்ணீர் காய்ச்சும் ஹீட்டர் கேஸ் என்றால் விடுமுறை நிலைக்குத் திருப்புங்கள், மின்சாரம் என்றால் அதன் பிரேக்கரை அணையுங்கள். அப்புறம் தோட்டத்துக் குழாயில் தொடங்கி மாடி வரை எல்லாக் குழாய்களையும், சூடு குளிர் இரண்டு பக்கமும் திறந்து ஓட விடுங்கள். டாய்லெட்களை ஒருமுறை ஃப்ளஷ் செய்யுங்கள். ஓட்டம் நின்றதும் மாடியில் ஒன்றும் கீழே ஒன்றுமாகத் திறந்தபடியே விட்டுவிடலாம். குழாய்க்குள் கொஞ்சம் தண்ணீர் தங்கத்தான் செய்யும், ஆனால் அதை நெருக்க அழுத்தம் இருக்காது. ஒருவேளை பிளந்தாலும் வடிவது அந்தக் கொஞ்சம்தான். ஃப்ரிட்ஜில் ஐஸ் செய்யும் பகுதியை அணைக்க மறக்க வேண்டாம். வீட்டில் தீயணைப்பு ஸ்பிரிங்க்ளர் பொருத்தியிருந்தால் மட்டும் பிளம்பரைக் கேட்காமல் மெயினை மூடாதீர்கள்.

வீட்டு ஹீட்டரை 55 டிகிரி பாரன்ஹீட்டுக்குக் குறையாமல் வையுங்கள், அதாவது 13 செல்சியஸ். நான் 60 வைக்கிறேன். அந்தப் பத்திருபது டாலர் வித்தியாசம் ஒரு சுவரின் விலை முன்னால் ஒன்றுமில்லை. உங்கள் வீட்டு இன்சூரன்ஸ் பத்திரத்தையும் எடுத்துப் படியுங்கள். ஆளில்லாத வீட்டில் சூட்டைத் தக்கவைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் தண்ணீரை மூடியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை பலவற்றில் இருக்கும். 2022 டிசம்பரிலும் இதே மாதிரிக் குளிர் கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் முன்னால் டெக்சாஸில் இறங்கியது, பாதிப் பேர் ஊரில் இல்லாத நேரம். சாவியை ஒரு நண்பரிடம் கொடுத்து, வால்வு எங்கே என்று நேரில் கூட்டிப்போய்க் காட்டிவிட்டுப் போங்கள். போனில் சொல்லிப் புரியவைக்க முடியாது.

வெளிக் குழாயில் மாட்டிய ஹோஸைக் கழற்றிவிடுங்கள். உறையாத வகைக் குழாய் என்று விற்கப்படுவதும், ஹோஸ் மாட்டியே இருந்தால் உள்ளே தண்ணீர் வடியாமல் தங்கி வெடித்துவிடும். அதற்கு மேல் போடும் தெர்மாகோல் மூடி நாலைந்து டாலர்தான். புல்லுக்குத் தண்ணீர் விடும் அமைப்பின் தனி வால்வையும் மூடி வடித்துவிடுங்கள். இன்சுலேஷனை அதிகம் நம்பாதீர்கள் என்பது என் கருத்து. அது சூடு தராது, இருக்கிற சூடு போவதைத் தாமதப்படுத்தும், அவ்வளவே. ஒரு ராத்திரிக்கு உதவும், நாலு நாள் தொடர்ந்த குளிருக்கு உதவாது.

வீட்டில் இருக்கும் நாட்களில் குளிர் இறங்கினால், மெயின் நுழையும் இடத்திலிருந்து தூரமாக இருக்கிற குழாய்களைச் சொட்ட விடுங்கள். சிங்க்குக்குக் கீழே கேபினட் கதவுகளைத் திறந்து வையுங்கள், கராஜ் கதவை மூடியே வையுங்கள். குடத்துக்காக வரிசையில் நின்று வளர்ந்த நமக்கு, சொட்டும் குழாயைக் கண்டால் கை தானாகப் போய் மூடும். எனக்கு இன்னும் மனது அடித்துக்கொள்ளும். அதனால் கீழே வாளி வைத்துப் பிடித்து டாய்லெட்டுக்கு ஊற்றுகிறேன். 2021இல் எல்லோரும் சொட்டவிட்டு ஊர்த் தண்ணீர் அழுத்தமே குறைந்து, சில நகரங்கள் நிறுத்தச் சொல்லின. அப்படிச் சொன்னால் மெயினை மூடி வடித்துவிடுவதுதான் வழி.

எங்காவது தண்ணீர் வராமல் நின்றால் அந்தக் குழாயைத் திறந்தே வையுங்கள். நானாக இருந்தால் மெயினையும் மூடுவேன். ஹேர் டிரையரைக் குழாயின் வாய்ப்பக்கத்திலிருந்து தொடங்கி உறைந்த இடத்தை நோக்கி மெல்லக் கொண்டு போங்கள், நெருப்பு மட்டும் வேண்டாம். குளிருக்கு வீட்டுக்குள் கரி அடுப்பு வைத்தும், மூடிய கராஜில் காரை ஓடவிட்டும் 2021இல் இங்கே கார்பன் மோனாக்சைடால் மனிதர்கள் இறந்தார்கள். என்ன குளிர் அடித்தாலும் அதைச் செய்யாதீர்கள்.

திரும்பி வந்த இரவு தூக்கக் கலக்கத்தில் வால்வை முழுக்கத் திறந்துவிடாதீர்கள். கால் பங்கு திறந்து, ஒருவர் வால்வடியிலேயே நிற்க, இன்னொருவர் மாடி, கராஜ், சமையலறை என்று நடந்து சுவரோரம் காது கொடுத்துக் கேளுங்கள். குழாய்கள் முதலில் காற்றைத் துப்பும், கொஞ்சம் கலங்கல் வரும், அப்புறம் தெளியும். சூட்டுப் பக்கக் குழாயில் தண்ணீர் நிறைந்து ஓடிய பிறகுதான் தண்ணீர் ஹீட்டரின் பிரேக்கரைப் போட வேண்டும்.