அப்பாவின் ஒற்றைக் கை கீபோர்டு: ரிசீவர் தொலைந்துபோனால்?

கேள்வி: பக்கவாதத்துக்குப் பிறகு அப்பாவுக்கு இடது கை வரவில்லை. லண்டனில் இருக்கும் சித்தப்பா பழைய கீபோர்டு ஒன்றைக் கொடுத்தனுப்பினார். ஆறேழு பொத்தான்தான், இரண்டு மூன்றைச் சேர்த்து அழுத்தினால் ஓர் எழுத்து. வயரும் இல்லை, புளூடூத்தும் இல்லை. முன்பக்கம் கறுப்புக் கண்ணாடி இருக்கிறது. கணினியில் செருகும் ரிசீவர் தொலைந்துவிட்டது. வழியுண்டா? – சென்னை வாசகி

பதில்: பெரும்பாலும் உண்டு. பிரிட்டனில் 1980-களில் விற்ற மைக்ரோரைட்டர் இந்த வகைதான். ஐந்து விரலுக்கு ஐந்து பொத்தான் என்றாலே 31 சேர்க்கைகள் கிடைக்கும். ஆங்கிலத்தின் 26 எழுத்துக்கும் அது போதும். ஒரு கை மட்டும் இயங்குபவருக்கு இதைவிட நல்ல கருவி எனக்குத் தெரியாது. தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

வயரும் புளூடூத்தும் இல்லாமல் கறுப்புக் கண்ணாடி இருப்பதால், டிவி ரிமோட் போலக் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியில் இது பேசுகிறது என்று நினைக்கிறேன். முதலில் புது பேட்டரி போடுங்கள். போனின் செல்ஃபி கேமராவைத் திறந்து, கறுப்புக் கண்ணாடியை அதற்குக் காட்டிப் பொத்தான்களை அழுத்துங்கள். திரையில் வெளிர் ஊதாவாக ஒளி மின்னினால் கீபோர்டு உயிரோடு இருக்கிறது. சேர்த்து அழுத்திய விரல்களை எடுக்கும்போதுதான் மின்னக்கூடும், அது பழுதல்ல. எந்த எழுத்து என்பது பல கீபோர்டுகளில் விரலை எடுத்த பிறகே முடிவாகும்.

அடுத்த கேள்விதான் முக்கியம்: அந்த ஒளி எந்த முறையில் பேசுகிறது? டிவி ரிமோட் போல 38 கிலோஹெர்ட்ஸ் துடிப்பிலா, பழைய பாம் கையடக்கக் கணினிகளில் இருந்த ஐஆர்டிஏ என்ற அகச்சிவப்புத் தரவு முறையிலா? இது தெரியாமல் ரிசீவர் வாங்கினால் காசு வீண்.

முதலில் 38 கிலோஹெர்ட்ஸா என்று சோதிப்போம். ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில், அந்தத் துடிப்பைப் பிடிக்கும் டிஎஸ்ஓபி 38238 என்ற மூன்று கால் சென்சாரும், 32யூ4 சிப் உள்ள ப்ரோ மைக்ரோ என்ற நிரல் ஏற்றக்கூடிய சிறு போர்டும் கேளுங்கள். அந்த போர்டு யூஎஸ்பியில் தன்னையே கீபோர்டாகக் காட்டிக்கொள்ளும். சென்சாரின் குமிழ் உங்களைப் பார்த்திருக்க, இடது கால் சிக்னல், நடுவே கிரவுண்ட், வலது 5 வோல்ட். கடைக்காரர் 1738 என்ற சென்சாரைக் கொடுத்தால் கவனம்: அதில் இடது கிரவுண்ட், நடு 5 வோல்ட், வலது சிக்னல். இணைப்பை மாற்றிக் கொடுத்தால் சென்சார் சூடாகிச் செத்துவிடும்.

போர்டில் ஐஆர்ரிமோட் லைப்ரரியை (ரிமோட் ஒளியை எண்ணாகப் படிக்கும் ஆயத்த நிரல்) ஏற்றி, ஒவ்வொரு சேர்க்கைக்கும் வரும் எண்ணைக் குறியுங்கள். நான்கு முறையாவது அழுத்திப் பாருங்கள். சில முறைகளில் ஒரே பொத்தானுக்கு இரண்டு எண்கள் மாறி மாறி வரும், இரண்டையும் அதே எழுத்துக்கு எழுதிவிட வேண்டும். நிரல் தெரிந்த கல்லூரி மாணவர் யாராவது உடனிருந்தால் ஒரு மாலை வேலை.

கேமராவில் ஒளி தெரிந்தும் சென்சார் வாயே திறக்கவில்லை என்றால் ஐஆர்டிஏவாக இருக்கலாம். அதற்குத் தனி யூஎஸ்பி அடாப்டர் வேண்டும்; ஆனால் லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னல் 2018-இல், 4.17 பதிப்பிலேயே ஐஆர்டிஏவை நீக்கிவிட்டது, அதனால் புதிய லினக்ஸில் அடாப்டர் மட்டும் போதாது. அதற்கு மேல் செலவு செய்யும் முன் கீபோர்டின் படத்தையும் மாடல் எண்ணையும் எனக்கு அனுப்புங்கள்.

சென்சாரை ஜன்னலைப் பார்த்து வைக்காதீர்கள். வெயிலிலும் அகச்சிவப்பு உண்டு, எழுத்துகள் விட்டுப்போகும்.

அப்பா தமிழில் எழுதவும் தடையில்லை. போர்டு அனுப்புவது விசையின் இடத்தைத்தான். எழுத்தை முடிவு செய்வது கணினி. விண்டோஸ் 11-இல் தமிழ்99 விசைப்பலகை அமைப்பைச் சேர்த்துவிட்டால், ஆங்கில 'ஹெச்' சேர்க்கைக்கு க வரும், ஆங்கில 'ஏ' (A) சேர்க்கைக்கு அ வரும். இந்த இரண்டிலிருந்தே அவருக்குப் பழக்கத்தைத் தொடங்குங்கள்.