தத்துவம் படிக்க ஆறு லட்சமா? அல்சூர் அம்மாவுக்கு ஒரு பதில்

அன்புள்ள அம்மாவுக்கு,

சனிக்கிழமை மேற்படிப்பு ஆலோசனைக்கு என்னிடம் வந்துவிட்டு, மகள் முன்னால் படியிறங்கிப் போன பிறகு, குரலைத் தாழ்த்தி ஒன்று கேட்டீர்கள். "தத்துவம் படிச்சா யாரு மேடம் வேலை குடுப்பாங்க?" அடுத்தவர் காத்திருந்ததால் அரைகுறையாகப் பதில் சொல்லி அனுப்பிவிட்டேன். அன்றிலிருந்து அது மனசை உறுத்திக்கொண்டே இருக்கிறது. தத்துவம், அரசியல், பொருளாதாரம் மூன்றையும் சொல்லித்தரும் ஆக்ஸ்ஃபோர்டு கோடை முகாமுக்கு அவளை அனுப்புவதா என்பது ஆறு லட்ச ரூபாய் விஷயம். அதைவிட, அவள் முதல்முறையாகத் தானே தேடிப் பிடித்து வந்து கேட்கிற விஷயம். எனவே உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீங்கள் கொண்டுவந்த கையேட்டின் அட்டையில் ஆக்ஸ்ஃபோர்டு கல்லூரி ஒன்றின் கோபுரமும் புல்வெளியும் இருக்கின்றன. கோடையில் அங்கே மாணவர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். கல்லூரிகள் காலி அறைகளையும் சாப்பாட்டுக் கூடத்தையும் வாடகைக்கு விடும். தனியார் நிறுவனங்கள் அவற்றை எடுத்து, பதின்வயதுப் பிள்ளைகளுக்கு இரண்டு வார முகாம் நடத்துகின்றன. இடம்தான் ஆக்ஸ்ஃபோர்டு, நடத்துவது பல்கலைக்கழகம் அல்ல. இந்தச் சான்றிதழ் இருந்தால் பின்னால் அங்கே சீட் சுலபம் என்று ஏஜென்ட் சொன்னதாகச் சொன்னீர்கள். அதை நம்பாதீர்கள். மதிப்பெண், நுழைவுத் தேர்வு, நேர்காணல் ஆகியவற்றை வைத்துத்தான் அங்கே முடிவு செய்வார்கள். பல்கலைக்கழகமே இலவசமாக நடத்தும் 'யுனிக்' என்ற முகாம் ஒன்று உண்டு; அது பிரிட்டனின் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு, நம் பிள்ளைகள் விண்ணப்பிக்க முடியாது.

அதற்காக இந்த முகாம்களே வீண் என்று சொல்ல மாட்டேன். அவள் ஏன் இதைக் கேட்கிறாள் என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

நீங்கள் போன் பேச வெளியே போயிருந்தபோது அவளிடம் ஒரு கேள்வி கேட்டேன். காவிரியில் தண்ணீர் குறைந்த வருஷம். கர்நாடகத்தின் மண்டியாவில் ஒரு விவசாயி, தஞ்சாவூரில் ஒரு விவசாயி, அல்சூரில் குழாயைத் திறக்கிற நீ. யாருக்கு முதல் உரிமை? பெங்களூரில் வளரும் தமிழ்ப் பிள்ளைக்கு இது சாதாரணக் கேள்வி இல்லை. வீட்டில் ஒரு பதிலையும் வகுப்பில் வேறொரு பதிலையும் கேட்டு வளர்ந்தவள். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "முன்னாடியிருந்து பயன்படுத்தறவங்களுக்கா, இப்ப ரொம்பத் தேவைப்படறவங்களுக்கா மேடம்? முதல்ல எதை வெச்சு முடிவு பண்றதுன்னு சொல்லுங்க" என்றாள்.

அம்மா, தத்துவம் அங்கேதான் தொடங்குகிறது. பதிலுக்கு முன்னால் அளவுகோலைக் கேட்பது.

அதற்குப் பிறகு அரசியலுக்கு வந்தோம். காவிரி நீரைப் பங்கிட 1990-ல் நடுவர் மன்றம் அமைந்தது, இறுதித் தீர்ப்பு வர 2007 ஆனது. தமிழ்நாட்டுக்கு 419 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. நூறு கோடி கன அடி), கர்நாடகத்துக்கு 270. 2018-ல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டின் பங்கை 404.25 ஆகக் குறைத்து, கர்நாடகத்துக்கு 284.75 கொடுத்தது. கூடுதலாகக் கொடுத்ததில் 4.75 டி.எம்.சி. பெங்களூரின் குடிநீருக்கு. நகரத்தின் மூன்றில் ஒரு பங்குதான் காவிரிப் படுகையில் இருக்கிறது என்று நடுவர் மன்றம் கணக்கிட்டிருந்தது. குடிநீருக்கு அப்படிக் கோடு போட முடியாது என்று நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. தன் வீட்டுக் குழாய்க்குப் பின்னால் இப்படி ஒரு வாதம் இருந்தது தெரிந்ததும் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள்.

பொருளாதாரம் அவளுக்கே தெரிந்த கதையிலிருந்து வந்தது. 2024 கோடையில் போர்வெல்கள் வற்றி, டேங்கர் விலை ஏறி, கடைசியில் மாவட்ட நிர்வாகம் உச்ச விலை நிர்ணயித்ததே, அது. "விலையை அப்படியே விட்டா தண்ணி பெரிய அபார்ட்மென்ட்டுக்குத்தானே போகும்?" என்றாள். விலைக்கு வரம்பு வைத்தால் டேங்கர்காரர் நம் தெருவுக்கே வராமல் போனால் என்ன செய்வாய் என்று கேட்டேன். பதில் வரவில்லை. நீங்கள் உள்ளே வந்தபோது அவள் முகம் ஒரு மாதிரி இருந்ததே, திட்டிவிட்டேனோ என்று நினைத்திருப்பீர்கள். அவள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

இந்த மூன்றையும் சேர்த்து ஒரே பட்டமாக ஆக்ஸ்ஃபோர்டில் தொடங்கியது 1920-ல். சுருக்கமாக பி.பி.இ. என்பார்கள். ரிஷி சுனக், பேனசீர் புட்டோ, நம் திட்டக் கமிஷன் துணைத் தலைவராக இருந்த மான்டேக் சிங் அலுவாலியா, மலாலா எல்லோரும் அதைப் படித்தவர்கள். இந்தப் பெயர்களைப் பார்த்து மயங்க வேண்டாம். எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் அங்கே படிக்காத எலினோர் ஆஸ்ட்ரம். அரசியல் அறிவியல் படித்தவர்; முனைவர் பட்டத்துக்குத் தெற்குக் கலிஃபோர்னியாவின் நிலத்தடி நீரை ஆராய்ந்தார். பொதுச் சொத்தை மக்களே விதி வகுத்துக் காப்பாற்ற முடியும் என்று காட்டி, 2009-ல் பொருளாதார நோபல் பரிசைப் பெற்ற முதல் பெண் ஆனார். உங்கள் மகள் கேட்ட கேள்விகளுக்கும் அவர் கேட்டவற்றுக்கும் தூரம் அதிகமில்லை.

இப்போது வேலை. ஒளிக்காமல் சொல்கிறேன். தத்துவத்தில் மட்டும் பி.ஏ. முடித்தால் கேம்பஸில் பெரிய சம்பளத்தோடு யாரும் அழைத்துப் போக மாட்டார்கள். பொருளாதாரமும் புள்ளியியலும் கூட இருந்தால் நிலைமை வேறு: வங்கி, ஆலோசனை நிறுவனம், கொள்கை ஆய்வு என்று கதவுகள் உண்டு. எம்.ஏ. பொருளாதாரம் வரை போனால் இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வு எழுதலாம். சிவில் சர்வீஸ் முதன்மைத் தேர்வில் 2013 முதல் அறநெறிக்கென்றே 250 மதிப்பெண் தாள் இருக்கிறது. மூன்று பாடங்களும் விருப்பப் பாடப் பட்டியலிலும் உள்ளன. மூன்றாண்டு சட்டப் படிப்புக்கும் போகலாம். ஆய்வு வேலைக்கு ஊரை விட்டுப் போகவேண்டும் என்றுகூட இல்லை. பொருளாதார அறிஞர் வி.கே.ஆர்.வி. ராவ் 1972-ல் தொடங்கிய சமூக, பொருளாதார மாற்ற ஆய்வு நிறுவனம் பெங்களூர் நாகரபாவியில்தான் இருக்கிறது. ஆனால் இன்ஜினியரிங் போல இருபத்திரண்டு வயதில் கைக்கு வேலை வந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். மேற்படிப்புக்கு இரண்டு வருஷம் சேர்த்துத்தான் பணத்தைத் திட்டமிட வேண்டும். இந்தக் கணக்கை உங்கள் வீட்டுக்காரரிடமும் இப்படியே சொல்லுங்கள்.

இயற்பியல், வேதியியல், கணக்கு, உயிரியல் சேர்ந்த பி.சி.எம்.பி.யை அவள் விட்டுவிடுவாளோ என்று பயந்தீர்கள். விடவேண்டிய அவசியமே இல்லை. முக்கியமாகக் கணக்கை விடவே கூடாது. டெல்லி பல்கலைக்கழகத்தில் பி.ஏ. ஆனர்ஸ் பொருளாதாரத்துக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கு கட்டாயம். அசோகா பல்கலைக்கழகத்தில் பி.பி.இ. முதன்மைப் பாடமாகவே இருக்கிறது. சர்ஜாபுரா பக்கம் உள்ள அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகத்தில் பொருளாதாரமும் தத்துவமும் உண்டு, குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கட்டணச் சலுகையும் தருகிறார்கள். ஆறு லட்சத்தை இரண்டு வாரத்தில் செலவழிப்பதற்கு முன் இவற்றை நினைத்துப் பாருங்கள்.

இன்னொன்று. ஆக்ஸ்ஃபோர்டு முகாம் ஜூலையில். அவளுக்கு இரண்டாம் பி.யு. (பன்னிரண்டாம் வகுப்பு) வகுப்புகள் ஜூனிலேயே தொடங்கிவிடும், 75 சதவீத வருகைப் பதிவு வேண்டும். என் யோசனை, இந்த வருஷம் வெளிநாடு வேண்டாம். இந்தியப் பல்கலைக்கழகங்கள் சில கோடை விடுமுறையில் விடுதியோடு நடத்தும் முகாம்களில் ஒன்றுக்கு அனுப்புங்கள். செலவு பல மடங்கு குறைவு.

எங்கே அனுப்பினாலும் பணம் கட்டும் முன் ஒரு கேள்வியைக் கேட்டே ஆகவேண்டும்: பிள்ளை எழுதுகிற கட்டுரையை யார் படிக்கிறார்கள்? சில வருஷங்களுக்கு முன் ஒரு பையனை நான்தான் ஒரு முகாமுக்கு அனுப்பச் சொன்னேன். டி-ஷர்ட்டும் நிறைய போட்டோவும் சான்றிதழுமாக வந்தான். கட்டுரையைக் காட்டச் சொன்னேன். ஓரத்தில் ஒரு கோடுகூட இல்லை, யாரும் படித்திருக்கவில்லை. அந்தப் பெற்றோரிடம் இன்றும் எனக்குக் கூச்சம். ஒரு வகுப்பில் பத்துப் பன்னிரண்டு பேர், முந்தின இரவே வாசிக்கக் கொடுத்த பக்கங்கள், காலையில் அதை வைத்து விவாதம், எழுதியதை ஆசிரியர் தனியாக உட்கார்ந்து அடித்துத் திருத்துவது, இவை இருந்தால் நல்ல முகாம். சொல்லிக்கொடுப்பவர் பேராசிரியராக இல்லாமல் ஆய்வு மாணவராக இருந்தால் குறையில்லை. பல சமயம் அவர்கள்தான் பொறுமையாகப் படிப்பார்கள். விடுதியில் பெண் வார்டன் இரவு அதே மாடியில் தங்குவாரா, உடம்புக்கு முடியாவிட்டால் எந்த மருத்துவமனை, வரமுடியாமல் போனால் பணம் திரும்புமா என்பதையெல்லாம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

விண்ணப்பிக்கும் முன் ஒரு வேலை. அதே காவிரிக் கேள்வியை அவள் இரண்டு முறை எழுதட்டும். முதலில் மண்டியா விவசாயியின் பக்கம் நின்று இரண்டு பக்கம், பிறகு தஞ்சாவூர் விவசாயியின் பக்கம் நின்று இரண்டு பக்கம். இரண்டையும் படிப்பவருக்கு அவள் எந்த வீட்டுப் பிள்ளை என்று தெரியக் கூடாது. நீங்கள் உதவ வேண்டாம், கூகுளில் தேடினால் தேடட்டும். மூன்றாம் நாளே அலுத்துப்போனால் இந்த வருஷம் முகாமை விட்டுவிடலாம். இரண்டாவது பகுதியை எழுதும்போது முதலாவதைத் திரும்ப எடுத்து அடித்துத் திருத்துகிறாளா என்று மட்டும் கவனியுங்கள். அடுத்த சனிக்கிழமை பதினொரு மணிக்கு உங்களுக்கு நேரம் ஒதுக்கியிருக்கிறேன். அந்தத் தாள்களை, அடித்தல் திருத்தலோடு, அப்படியே கொண்டுவரச் சொல்லுங்கள்.