அண்ணன் பெயரில் சிம், கடைப் பலகையில் என் இலக்கம்

கேள்வி:

சேர், நான் தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறேன். டவுனில் சின்னதாக ஒரு தையல் கடை வைத்திருக்கிறேன். ஒன்பது வருடமாக ஒரே போன் இலக்கம்தான். கடைப் பலகையிலும் பில் புத்தகத்திலும் வங்கியிலும் அதைத்தான் கொடுத்திருக்கிறேன். சிம் வாங்கிய காலத்தில் எனக்கு அடையாள அட்டை கிடைத்திருக்கவில்லை, அதனால் அண்ணனின் ஐசியில் எடுத்தோம். அவர் இப்போது கட்டாரில். போன வருடம் லீவில் வந்திருந்தபோது அந்த இலக்கத்தை மாதம் 2,350 ரூபா போஸ்ட்பெய்ட் பெக்கேஜுக்கு மாற்றிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். 24 மாத ஒப்பந்தம், ஒரு ரவுட்டரும் தந்தார்கள். கடையிலும் சரி லயத்திலும் சரி, சிக்னல் ஒழுங்காக வருவதில்லை. பல தடவை முறைப்பாடு செய்தும் பலன் இல்லை. 11 மாதம் கட்டிவிட்டு, கடைசி இரண்டு மாத பில்லைக் கட்டவில்லை. இப்போது மிச்ச மாதங்களையும் சேர்த்து 30,550 ரூபா கேட்டு சட்டத்தரணியின் கடிதம் வந்திருக்கிறது. கட்டாவிட்டால் பொலிசுக்குப் போவோம் என்று போனிலும் மிரட்டுகிறார்கள்.

வேறு கம்பனி முகவர் ஒருவர், "பழைய கனெக்‌ஷனை கட் பண்ணிவிட்டு வாங்க, அதே நம்பரை நாங்கள் எடுத்துத் தருகிறோம்" என்கிறார். இந்தியாவில் கூடலூரில் இருக்கும் என் சித்தி மகள், தான் ஒரு மெசேஜ் அனுப்பியே கம்பனியை மாற்றியதாகச் சொல்கிறாள். நானும் அப்படி மாறலாமா? இலக்கம் போய்விடுமா?

பதில்:

முதலில் ஒன்று. பழைய இணைப்பை இப்போதைக்கு யார் சொன்னாலும் கட் பண்ணாதீர்கள். இணைப்பு துண்டிக்கப்பட்டால் அந்த இலக்கம் கம்பனியிடம் திரும்பிப் போகும். சில காலம் சும்மா கிடந்துவிட்டு வேறு ஒருவருக்குக் கொடுக்கப்படும். அப்புறம் உங்கள் வாடிக்கையாளர் ரவிக்கை தைக்க அழைத்தால் எடுப்பது யாரோ. அதைவிட மோசம், வங்கி அனுப்பும் இரகசிய எண்ணும் அந்த யாரோவுக்குத்தான் போகும்.

உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போன விஷயம்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. சிம் அண்ணன் பெயரில். ஒன்பது வருடம் பாவித்தது நீங்கள், காசு கட்டியது நீங்கள், பலகையில் எழுதியது நீங்கள். ஆனாலும் கம்பனியோடு ஒப்பந்தம் செய்தவர் அண்ணன். தலைமுறை தலைமுறையாக ஒரே லயக்காம்பராவில் குடியிருந்தும் கையில் காணி உறுதி இல்லாத கதை நம் ஆட்களுக்குப் புதிதில்லையே, இதுவும் ஏறக்குறைய அதுதான். இன்னும் சொன்னால், இலக்கம் அண்ணனுக்கும் சொத்து இல்லை, கம்பனிக்கும் சொத்து இல்லை. நாட்டின் இலக்கத் திட்டத்தை நிர்வகிப்பது இலங்கை தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு. அது கம்பனிகளுக்கு இலக்கங்களை ஒதுக்குகிறது, கம்பனி நமக்குப் பாவிக்கத் தருகிறது. நமக்கு இருப்பது ஒப்பந்தப்படி பாவிக்கும் உரிமை மட்டும். அந்த உரிமை யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ, அவர் கேட்டால்தான் மாற்றம் எதுவும் நடக்கும்.

சித்தி மகள் சொன்னது பொய்யில்லை. இந்தியாவில் 2011 ஜனவரியிலிருந்து நாடு முழுவதும் இலக்கத்தை மாற்றாமல் கம்பனியை மாற்றலாம். அங்கே 1900 என்ற இலக்கத்துக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பினால் ஒரு குறியீடு வரும், அதைப் புதிய கம்பனியிடம் கொடுக்க வேண்டும். (இங்கே அதே 1900 ஆணைக்குழுவின் துரித அழைப்பு இலக்கம். கூடலூர் பாணியில் மெசேஜ் அனுப்பிவிட்டுக் காத்திருக்காதீர்கள், அழைத்துப் பேசுங்கள்.) ஆனால் அவள் சொல்லாமல் விட்டதும் ஒன்று இருக்கிறது. தவணை தாண்டிய போஸ்ட்பெய்ட் பாக்கி இருந்தால் அங்கேயும் மாற்ற விட மாட்டார்கள். ஒப்பந்தத்திலிருந்து விலகும் நிபந்தனையை நிறைவேற்றாவிட்டாலும் மறுக்கலாம். மாறப் போகிறவர் பதிவு செய்யப்பட்ட வாடிக்கையாளராகவும் இருக்க வேண்டும். ஆக நீங்கள் நாளைக்கே கூடலூரில் குடியேறினாலும், இன்றுள்ள நிலையில் உங்கள் விண்ணப்பம் தள்ளுபடிதான். முதலில் பெயர், அடுத்து பாக்கி. இந்த இரண்டையும் தீர்க்காமல் அங்கேயும் கதவு திறக்காது.

முகவர் விஷயத்துக்கு வருகிறேன். இந்த மாதிரி முகவர்கள் வழக்கமாகக் காட்டும் ஆதாரம் ஒன்று உண்டு. "075 காரர்களைப் பாருங்க, நம்பர் மாறாமலே கம்பனி மாறிட்டாங்க" என்பார்கள். அது வேறு கதை. 2024இல் 075 இலக்கங்களைக் கொடுத்த எயார்டெல் லங்காவை டயலொக் வாங்கியது. அதற்கு முன் 2018இல் எட்டிசலாட்டின் 072 ஹட்ச்சோடு சேர்ந்தது. கம்பனிகளே கைமாறியதால் இலக்கங்களும் கூடவே போயின. தனி ஒரு வாடிக்கையாளர் தன் இலக்கத்தைத் தூக்கிக்கொண்டு அடுத்த கம்பனிக்குப் போனதற்கு அது உதாரணம் ஆகாது. உங்கள் இணைப்பை அப்படிக் கொண்டுபோக வழி இருக்கிறதா என்ற கேள்விக்கு ஆணைக்குழுவின் பதிலை மட்டும் நம்புங்கள், அதையும் எழுத்தில் கேளுங்கள். முகவர் உண்மையாகவே சொல்கிறார் என்றால், "பழைய இணைப்பைத் துண்டிக்காமல் இதே இலக்கத்தை மாற்றித் தருவோம்" என்று கம்பனியின் கடிதத் தலைப்பில் எழுதித் தரட்டும். குறைந்தது வட்ஸ்அப்பிலாவது அனுப்பட்டும். மறுத்தால் கதை அங்கேயே முடிந்தது. வாய்ச்சொல்லை நம்பிக் கையெழுத்துப் போட்டால், பிறகு எழுத்தில் உள்ள ஒப்பந்தத்துக்கு மாறாக வாய்மொழிச் சாட்சியம் சொல்ல எங்கள் சாட்சியக் கட்டளைச் சட்டம் இலகுவில் இடம் கொடுக்காது. ஏமாற்று நடந்ததென்று காட்டினால் விதிவிலக்கு உண்டு, ஆனால் அதை நிரூபிக்க வேண்டியது நீங்கள்.

சரி, பெயரை எப்படி மாற்றுவது? முதலில் அந்த போனிலிருந்தே #132# அழுத்தி யாருடைய ஐசியில் பதிவு இருக்கிறது என்று பாருங்கள். அண்ணன் பெயர்தான் என்று உறுதியானால், உரிமை மாற்றத்துக்குச் சாதாரணமாக இருவரும் அடையாள அட்டைகளோடு கம்பனிக் கிளைக்குப் போக வேண்டும். அவர் வெளிநாட்டில் இருப்பதால், ஒப்புதல் கடிதமும் கடவுச்சீட்டுப் பிரதியும் போதுமா, இல்லை டோஹாவில் உள்ள இலங்கைத் தூதரகத்தில் உறுதிப்படுத்திய அற்றோணித் தத்துவம் (அவருக்காக நீங்கள் கையெழுத்திட அதிகாரம் தரும் பத்திரம்) வேண்டுமா என்று கம்பனியிடம் மின்னஞ்சலில் கேளுங்கள். பதிலைப் பார்த்துவிட்டு அவரைத் தூதரகத்துக்கு அனுப்பினால் போதும். ஒரு சிம்முக்காக அவர் ஒரு நாள் சம்பளத்தை இழக்கத் தேவையில்லாமலும் போகலாம். அடுத்த லீவு பக்கத்தில் என்றால் அதுவரை இலக்கத்தை உயிரோடு வைத்திருப்பதுதான் மலிவு.

இதை வாசிக்கும் மற்றவர்களுக்கும் இங்கே ஒரு சொல். தோட்டங்களில் பிறப்புப் பதிவும் அடையாள அட்டையும் தாமதமானதால் அப்பா, மாமா, கங்காணி என்று கிடைத்தவர் பெயரில் சிம் எடுத்த வீடுகள் நிறைய. பெயருக்குரியவர் உயிரோடும் மன ஒற்றுமையோடும் இருக்கும்போதே மாற்றிவிடுங்கள். அவர் இறந்துபோனால் மரணச் சான்றிதழ், உறவுச் சான்று, மற்ற பிள்ளைகளின் சம்மதம் என்று அலைச்சல் கூடும். கோபித்துக்கொண்டால் நிலைமை இன்னும் மோசம். சிம் தொலைந்துவிட்டதென்று தன் ஐசியைக் காட்டி அவரே புது சிம் எடுத்துவிடலாம், உங்கள் கையில் உள்ளது அந்த நிமிடமே செத்துவிடும்.

இனி அந்த 30,550. கணக்கைப் பிரித்துப் பார்த்தால் கட்டாத இரண்டு மாதம் 4,700, இன்னும் வராத மிச்ச 11 மாதம் 25,850. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். சேவை கிடைத்த அளவுக்கு முதல் தொகையில் நியாயம் இருக்கிறது. இரண்டாவது, சேவையே கொடுக்காத மாதங்களுக்கான வாடகை. ஒப்பந்தத்தை முறித்தால் மற்றவருக்கு ஏற்படும் நட்டத்தைக் கேட்கலாம்தான், ஆனால் பயமுறுத்தும் தண்டமாக ஒரு தொகையை எழுதி வைத்தால் நீதிமன்றம் அதை அப்படியே தூக்கிக் கொடுத்துவிடாது. கம்பனியின் உண்மையான நட்டம் பெரும்பாலும் விலை குறைத்துத் தந்த ரவுட்டர்தான். அதைத் திருப்பிக் கொடுக்கத் தயார் என்று எழுதுங்கள், கொடுத்தால் பற்றுச்சீட்டு வாங்குங்கள்.

சிக்னல் இல்லாதது உங்கள் பக்கத்தின் பலம். சேவையைத் தராதது கம்பனி என்றால் ஒப்பந்தத்தை முதலில் மீறியதும் கம்பனிதான். "சேவை கிடைக்காவிட்டாலும் நாங்கள் பொறுப்பல்ல" என்று பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கலாம். அப்படி அச்சிட்ட நிபந்தனைகள் நியாயமானவையா என்று பார்க்க 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நியதிகள் சட்டம் இருக்கிறது. ஆனால் "பல தடவை முறைப்பாடு செய்தேன்" என்பது மட்டும் போதாது. எந்தத் திகதி, என்ன முறைப்பாட்டு இலக்கம், யார் பேசினார் என்பது வேண்டும். போனில் வந்த பழைய மெசேஜ்களை அழித்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். இன்றிலிருந்து கடையில் வைத்து வேகச் சோதனை செய்து, திகதி தெரியும்படி ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள். மழை நாளும் வெயில் நாளும் இரண்டும் இருக்கட்டும். மலைப் பகுதியில் இதைச் சொல்லாமல் விட முடியாது, "அன்றைக்கு மூடுபனி" என்று ஒரு பதில் நிச்சயம் வரும்.

பொலிஸ் வருமோ என்று பயப்படுகிறீர்கள். வராது. பில் பாக்கி சிவில் கடன், குற்றம் இல்லை. அதுவும் கடன்காரர் சட்டப்படி அண்ணன், நீங்கள் இல்லை. அதற்காக அண்ணனை மாட்டிவிட்டுச் சும்மா இருக்கச் சொல்லவில்லை. வழக்குப் போடுவதென்றாலும் இவ்வளவு சிறிய தொகைக்கு நேரே நீதிமன்றத்துக்குப் போக முடியாது. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி முதலில் மத்தியஸ்த சபைக்கு வர வேண்டும், அங்கே தீராவிட்டால் அந்தச் சபையின் சான்றிதழோடுதான் வழக்கு. மத்தியஸ்த சபையில் எங்களைப் போன்ற சட்டத்தரணிகள் ஆஜராக முடியாது. உங்களுக்கு அது நல்லதுதான். கோட் போட்டவர் யாரும் இல்லாமல், தமிழிலேயே உங்கள் கதையைச் சொல்லலாம்.

சட்டத்தரணியின் கடிதத்துக்குப் பதில் போடாமல் விடாதீர்கள். மௌனத்தைச் சம்மதம் என்று வாதாடுவார்கள். அண்ணன் கையெழுத்தோடு, பதிவுத் தபாலில், ஒரு பக்கத்தில் போதும். மிச்ச மாதங்களுக்கான 25,850 ரூபாவை மறுக்கிறோம், சேவைக் குறைபாட்டுக்கு இன்னின்ன முறைப்பாடுகள் செய்தோம், இன்ன இரண்டு மாத பில்களுக்காக மட்டும் 4,700 ரூபாவை எங்கள் உரிமைகளுக்குப் பாதிப்பின்றிக் கட்டுகிறோம், இதே இலக்கத்தைப் பிரீபெய்டுக்கு மாற்றித் தாருங்கள். எந்தெந்த பில் என்பதைக் கட்டாயம் எழுதுங்கள். எழுத்து ஒப்பந்தக் கடனுக்கு வழக்குப் போட ஆறு வருட காலவரம்பு உண்டு. எதற்கென்று சொல்லாமல் காசு கட்டினால் முழுக் கடனையும் ஏற்றுக்கொண்டதாகக் காட்டி அந்தக் காலத்தைப் புதிதாக எண்ணப் பார்ப்பார்கள். பணத்தை வங்கியிலோ கிளையிலோ கட்டுங்கள். வீடு தேடி வரும் வசூல்காரர் கையில் ஒரு ரூபாவும் கொடுக்காதீர்கள்.

கம்பனி அசையாவிட்டால் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு. 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, வாடிக்கையாளரின் முறைப்பாட்டை விசாரித்துப் பரிகாரம் செய்ய வைக்கும் அதிகாரத்தை அதற்குத் தருகிறது. தமிழிலேயே எழுதுங்கள். அரச நிறுவனம் தமிழில் பதில் தர அரசியலமைப்புப்படி கடமைப்பட்டது. ஆங்கிலத்தில் எழுதத் தெரிந்தவரைத் தேடி நாளைக் கடத்த வேண்டாம்.

இதெல்லாம் முடிய நாள் எடுக்கும், கடையை அதுவரை மூடி வைக்க முடியாது. உங்கள் போனில் இரண்டு சிம் போட இடம் இருந்தால், தலவாக்கலையில் சிக்னல் நன்றாக வரும் கம்பனியின் பிரீபெய்ட் சிம் ஒன்றை உங்கள் சொந்த ஐசியில் வாங்கி டேட்டாவுக்குப் பாவியுங்கள். வட்ஸ்அப் பழைய இலக்கத்திலேயே ஓடும், டேட்டா எந்த சிம்மிலிருந்து வருகிறது என்று அது கேட்பதில்லை. பழைய இலக்கம் பிரீபெய்டான பிறகு சிறு தொகையாவது இடைக்கிடை ரீலோட் பண்ணி வாருங்கள், நீண்ட நாள் சும்மா விட்டால் துண்டிக்கப்படும். புது சிம் வாங்கும்போது கடைக்காரர் "என் ஐசியில் போட்டுத் தருகிறேன், சீக்கிரம் வேலை முடியும்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.