திண்ணைக்குப் போனாலும் தொட்டிலுக்கு வரும் புகை

வாசகி, பாளையங்கோட்டை: என் மாமனார் நாற்பது ஆண்டுகளாகப் பீடி குடிப்பவர். வீட்டில் எட்டு மாதக் கைக்குழந்தை இருப்பதால், கூடத்தில் குடிக்க வேண்டாமென்று என் கணவர் கேட்டுக்கொண்டார். அதன்பின் திண்ணையில் உட்கார்ந்து குடிக்கிறார். இதனாலும் குழந்தைக்குத் தீங்கு உண்டா? பீடி வெறும் இலைதான், சிகரெட்டைப் போலக் கெடுதல் இல்லை என்கிறார் அவர். அது சரியா?

பதில்: தீங்கு உண்டு, அம்மா. கூடத்தில் குடித்ததைவிடக் குறைவு என்று மட்டுமே சொல்லலாம். புகைப்பவர் உள்ளிழுத்து வெளியே விடும் புகையைத்தான் நாம் கவனிக்கிறோம். ஆனால் அருகிலிருப்பவர் சுவாசிக்கும் புகையில் பெரும்பகுதி, இழுப்புக்கும் இழுப்புக்கும் நடுவே விரலிடுக்கில் கனன்றுகொண்டிருக்கும் நுனியிலிருந்து எழுவது. குறைந்த வெப்பத்தில் அரைகுறையாக எரிந்து வருவதால் அதில் நச்சுப்பொருள்கள் செறிவாக இருக்கின்றன. திண்ணையை ஒட்டிய கதவும் சன்னலும் திறந்திருந்தால் அது உள்ளே வராமல் வேறெங்கே போகும்? மின்விசிறி அதைக் கலைத்துப் பரப்புமே தவிர அகற்றாது. ஊதுபத்தி ஏற்றினால் வாடை மறையும், நஞ்சு மறையாது. கைக்குழந்தையின் மூச்சுக்குழாய் மிகக் குறுகலானது, அது பெரியவர்களைவிட வேகமாக மூச்சுவிடுகிறது, எழுந்து அடுத்த அறைக்குப் போகவும் அதனால் முடியாது. புகை சூழ்ந்த வீடுகளில் வளரும் குழந்தைகளுக்கு மூச்சுக்குழல் அழற்சி, நிமோனியா, நடுச்செவியில் சீழ், ஆஸ்துமா ஆகியவை கூடுதலாக வருகின்றன. தூக்கத்திலேயே காரணம் தெரியாமல் சிசு இறந்துபோகும் ஆபத்தும் கூடுகிறது.

பீடியைப் பற்றி அவர் சொல்வது நம் ஊரில் நெடுங்காலமாக நிலவும் தவறான எண்ணம். பீடியில் புகையிலையின் அளவு குறைவுதான். ஆனால் சுற்றியிருக்கும் இலை எளிதில் எரியாது என்பதால், அணையாமலிருக்க அடிக்கடியும் ஆழமாகவும் இழுக்க வேண்டியிருக்கிறது, வடிகட்டியும் கிடையாது. எனவே கார்பன் மோனாக்சைடும் தாரும் சிகரெட்டுக்குக் குறையாமல், பல சமயம் கூடுதலாகவே உள்ளே போகின்றன.

மருமகளாகிய தாங்கள் இதையெல்லாம் அவரிடம் எடுத்துச் சொல்வது எளிதல்ல என்பது எனக்குத் தெரியும். பேரப்பிள்ளைக்காகக் கூடத்தை விட்டு எழுந்தவர் இன்னும் நாலடி தள்ளிப் போகவும் இசைவார். அடுத்த தடுப்பூசிக்குப் போகும்போது அவரையும் அழைத்துச் செல்லுங்கள். குழந்தைநல மருத்துவர் நேரில் சொல்லட்டும். அதுவரை, பீடி குடித்துவிட்டு வந்தால் கைகழுவிச் சட்டையை மாற்றிக்கொண்டு குழந்தையைத் தூக்கச் சொல்லுங்கள்; துணியிலும் தோலிலும் அந்தப் படிவு தங்குகிறது.

வாசகர், ஓசூர்: காலைத் தேநீரோடு கடையில் ஒரே ஒரு சிகரெட் பிடிப்பேன், நாள் முழுவதும் வேறு கிடையாது. பாக்கெட் பாக்கெட்டாக ஊதுகிறவர்களோடு என்னையும் சேர்த்துப் பேசுகிறார் என் மனைவி. இது நியாயமா?

பதில்: நுரையீரல் புற்றுநோயைப் பொறுத்தவரை தங்கள் வாதத்தில் ஓரளவு நியாயம் உண்டு, இதயத்தைப் பொறுத்தவரை தங்கள் துணைவியார் சொல்வதே சரி. இருபதுக்கு ஒன்று என்றால் ஆபத்தும் இருபதில் ஒரு பங்குதான் என்று மனம் கணக்குப் போடுகிறது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2018-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியான கட்டுரையோ, நாளுக்கு ஒன்று பிடிப்பவருக்கு, இருபது பிடிப்பவருக்குக் கூடும் மாரடைப்பு ஆபத்தில் ஏறத்தாழப் பாதி இருப்பதாகக் காட்டியது. இரத்தத் தட்டணுக்கள் ஒட்டிக்கொள்ளவும் இரத்தக்குழாயின் உட்சுவர் பழுதாகவும் சிறிதளவு புகையே போதும். புகைக்கும் பழக்கமே இல்லாதவர்களுக்கும், பிறர் விட்ட புகையால் இதயநோய் ஆபத்து 25 முதல் 30 விழுக்காடு வரை கூடுவதன் காரணமும் இதுவே. அந்த வகையில், தங்களோடு அதே கடையில் நின்று காலை முழுவதும் தேநீர் ஆற்றுகிறவரும் இந்தக் கணக்கில் சேர்ந்துவிடுகிறார். பொது இடத்தில் புகைப்பது 2008 அக்டோபர் 2 முதல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டிருக்கிறது, 200 ரூபாய் வரை அபராதம் உண்டு என்பதும் தாங்கள் அறியாததல்ல.

வாசகி, காரைக்குடி: புகையிலையைத் தொட்டே அறியாத என் அத்தைக்கு நுரையீரலில் புற்றுநோய் என்கிறார்கள். மாமா ஓயாமல் சிகரெட் பிடிப்பவர். அதுதான் காரணமா?

பதில்: ஒருவருக்கு வந்த நோய்க்கு இதுதான் காரணம் என்று உறுதியாகக் கூற இயலாது, புகைக்காதவர்களுக்கு இந்நோய் வர வேறு காரணங்களும் உள்ளன. ஆனால் தாங்கள் ஐயுறுவதற்கு அடிப்படை இருக்கிறது. ஜப்பானில் தகேஷி ஹிராயாமா என்ற ஆய்வாளர், புகைக்காத 91,540 மனைவியரை 14 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, கணவர் அதிகமாகப் புகைக்கப் புகைக்க மனைவிக்கு நுரையீரல் புற்றுநோயால் நேரும் மரணம் கூடுவதை 1981-இல் வெளியிட்டார். சிகரெட் நிறுவனங்கள் அவருடைய கணக்கைக் குறைகூறின. பிற நாடுகளில் பின்னர் நடந்த ஆய்வுகள் அவர் பக்கமே நின்றன. மாமாவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதால் இப்போது பயனில்லை. சிகிச்சையில் இருக்கும் அத்தையின் வீட்டில் இனி எவரும் புகைக்காமல் இருப்பதே தேவை.

வாசகர், விழுப்புரம்: எனக்கு வயது 58. முப்பத்தைந்து ஆண்டுகளாகப் புகைக்கிறேன். இனி விட்டு என்ன ஆகப்போகிறது?

பதில்: பிரிட்டிஷ் மருத்துவர்களை 1951 முதல் அரை நூற்றாண்டு தொடர்ந்த ஆய்வில், தொடர்ந்து புகைத்தவர்கள் சராசரியாகப் பத்து ஆண்டுகள் முன்னதாக இறந்தார்கள், 60 வயதில் விட்டவர்கள்கூட அதில் மூன்று ஆண்டுகளைத் திரும்பப் பெற்றார்கள். மாரடைப்பின் கூடுதல் ஆபத்து ஓராண்டிலேயே பாதியாகக் குறைகிறது. முதல் ஒரு வாரம் எரிச்சலும் தூக்கமின்மையும் கடுமையாக இருக்கும், பின்னர் தணியும். நிக்கோட்டின் சூயிங்கம் போன்றவற்றை மருத்துவரைக் கேட்டுப் பயன்படுத்தலாம். 1800-11-2356 என்ற இலவச ஆலோசனை எண்ணைத் தேடி அலைய வேண்டாம், தாங்கள் வாங்கும் சிகரெட் பெட்டியிலேயே அச்சிட்டிருக்கிறார்கள்.

இன்னொன்று. தமிழ்நாட்டில் இறந்த 43,000 ஆண்களைப் பற்றிய விவரங்களைத் திரட்டி 2003-இல் வெளியான ஆய்வு, புகைத்தவர்கள் காசநோயால் இறப்பது புகைக்காதவர்களைவிடச் சுமார் நான்கு மடங்கு என்று கண்டது. ஆகவே இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் அதை வழக்கமான ‘சிகரெட் இருமல்’ என்று விட்டுவிடாமல், அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், கட்டணம் இல்லை.