குப்புற விழும் கரடி

கேள்வி: ஏறாவூரிலிருந்து எழுதுகிறேன். வீட்டில் 12 அங்குலக் கரடிப் பொம்மைகள் தைத்து விற்கிறேன். இருத்தி வைத்தால் அழகாக இருக்கிறது, நிற்க வைத்தால் குப்புற விழுகிறது. காலுக்குள் பஞ்சை இறுக்கி அடைத்தும் சரிவரவில்லை. பொத்துவில் பக்கம் ஒரு கடைக்காரர் நிற்கிற கரடிதான் வேண்டுமாம். 6 கரடி தைத்து முடித்துவிட்டேன். காலுக்குள் கம்பி வைக்கலாமா?

பதில்: கம்பியை விட்டுவிடுங்கள் தங்கச்சி. கம்பி காலை விறைப்பாக்குமே தவிர நிற்க வைக்காது. காலில் பாரம் இல்லாவிட்டால் விறைத்த கரடியும் விழத்தான் செய்யும். அதோடு, பிள்ளைகள் மடக்கி மடக்கி விளையாடும்போது கம்பி ஒரே இடத்தில் முறிந்து, துணியைக் குத்திக்கொண்டு வெளியே வந்துவிடும்.

நீங்கள் எழுதியதிலேயே பாதிக் காரணம் கிடக்கிறது. இருத்தினால் அழகாக இருக்கிறது என்கிறீர்கள். அப்படியென்றால் இடுப்பில், கால் உடம்போடு சேரும் தையலில், பஞ்சு குறைவு. கதவுப் பிணைச்சல் மாதிரி அந்த இடம் மடிகிறது. கரடியை இருக்க வைப்பது அந்த மடிப்புத்தான், நிற்கும்போது தலைகுப்புறத் தள்ளுவதும் அதுதான். காலை எவ்வளவு இறுக்கி அடைத்தாலும் இடுப்பு மடிந்தால் வேலைக்காகாது.

மீதிக் காரணம் பாதத்தில். ஒரு கரடியை மேசையில் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் பாருங்கள். மூக்கு முன்னுக்கு, வயிறு முன்னுக்கு, கைகளும் முன்னுக்கு. பாரமெல்லாம் சேரும் இடத்திலிருந்து மேசன்மாரின் தூக்குக்குண்டை விட்டால் அது பாதத்துக்குள் விழவேண்டும். விரல் நுனியைத் தாண்டினால் கரடி குப்புறத்தான்.

சின்னக் கணக்கு ஒன்று. பாரத்தின் நடு தரையிலிருந்து 15 சென்ரிமீற்றர் உயரத்தில் இருந்து, அதற்கு நேர்கீழே உள்ள இடத்திலிருந்து விரல் நுனி 3 சென்ரிமீற்றர் முன்னால் இருந்தால், கரடி ஏறக்குறைய 11 பாகை சாய்ந்ததும் விழும். அதே பாதத்தோடு பாரத்தின் நடுவை 10 சென்ரிமீற்றருக்கு இறக்கினால் கிட்டத்தட்ட 17 பாகை வரை தாங்கும். ஆகவே பாதத்தைப் பெருப்பிக்க வேண்டும், பாரத்தைக் கீழே இறக்க வேண்டும். தலைக்குள் பஞ்சைத் திணிப்பவர்கள் இதற்கு நேர்மாறாகச் செய்கிறார்கள்.

இனிப் பாதம். 12 அங்குலக் கரடிக்கு உள்ளங்கால் 3 அங்குல நீளம், 2 அங்குல அகலம் என்று நான் வெட்டுவேன். காலை நடுவில் நிறுத்தாமல் குதிக்கால் பக்கம் கொஞ்சம் தள்ளி நிறுத்தினால் விரல் பக்கம் நீளும். உள்ளங்காலுக்கு உரோமத்துணி வேண்டாம், அது இழுபடும். மருதமுனைக் கைத்தறிச் சாரத்தில் மிஞ்சிய துண்டு இருந்தால் அதைப் போடுங்கள், இழுபடாது. முன், பின், இரண்டு பக்கம் என நாலு இடத்தில் பென்சிலால் குறித்து, அந்த நாலையும் முதலில் ஊசியால் பிடித்த பிறகு தையுங்கள். குறிக்காமல் சுற்றிக்கொண்டே தைத்தால் பாதம் ஒரு பக்கம் முறுகிவிடும். முறுகின பாதத்தைப் பிறகு எதனாலும் திருத்த முடியாது.

தைத்த பாதத்துக்குள் வெறும் பஞ்சை அடைத்தால் அடிப்பக்கம் கொழுக்கட்டை மாதிரி உப்பும், கரடி ஆடும். தட்டையாக ஏதாவது வைக்கத்தான் வேண்டும். காட்போட் மட்டை வேண்டாம். கார்த்திகை, மார்கழி மழையில் நம் வீடுகளில் ஈரம் ஊறி அது நெளிந்துவிடும். ஐஸ்கிறீம் பெட்டி மூடியைப் பாதத்தை விடச் சுற்றிவர 3 மில்லிமீற்றர் குறைத்து வெட்டி, ஓரத்தை மழுங்கத் தேய்த்து உள்ளே வையுங்கள். பழைய றப்பர் செருப்பின் அடியும் நல்லது, கொஞ்சம் பாரமும் தரும்.

அதன் மேல் பாரப்பை. துணியில் சின்னப் பை தைத்து, அதை இன்னொரு பைக்குள் போட்டு, ஒரு காலுக்கு 40 முதல் 50 கிராம் வரை வையுங்கள். மீன்தொட்டிக்குப் போடும் கல்லைக் கழுவி வெயிலில் காயவைத்து நிரப்புவேன். தொடக்க காலத்தில் கடற்கரை மணலை அள்ளிப் போட்டேன். உப்பு ஈரத்தை இழுத்து, தை மாதத்தில் இரண்டு பாதத்திலும் வட்ட வட்டமாகக் கறை. போதாக்குறைக்கு கரடி நின்ற அலுமாரித் தட்டில் தினமும் மணல். அரிசி, பயறு போட்டால் வண்டு வரும். வீச்சுவலை ஈயக்குண்டு நம் பக்கத்தில் பல வீடுகளில் கிடக்கும், பாரமும் அருமையாக இருக்கும். தொடவே வேண்டாம். ஈயம் நஞ்சு, பிள்ளைகள் பொம்மையை வாயில் வைப்பார்கள். 3 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குத் தைப்பதென்றால் எந்தக் கல்லும் வேண்டாம், அந்தக் கரடி நிற்காமல் உட்கார்ந்தே இருக்கட்டும்.

பை வைத்தபின் கணுக்காலை இறுக்குங்கள். பஞ்சைக் கொட்டைப்பாக்களவு எடுத்து, மழுங்கிய குச்சியால் ஒவ்வொன்றாகக் குத்துங்கள். பெரிய பிடியாகத் திணித்தால் நடுவில் வெற்றிடம் விழும். பாதம், கணுக்கால், இடுப்பு கல்லுப்போல, வயிறு அளவாக, தலை உருவம் நிற்கும் அளவுக்கு மட்டும். மேல்பகுதிக்கு இலவம்பஞ்சு கிடைத்தால் பாரம் குறையும்.

கரடி இருக்கவும் வேண்டும், நிற்கவும் வேண்டும் என்றால் மூட்டுப் போடவேண்டும். 1902 இல் ஜேர்மனியில் ரிச்சர்ட் ஸ்டைஃப் செய்த கரடிக்கு நூலால்தான் கைகால் கட்டியிருந்தார்கள். நூல் தளர்ந்துபோக, பிறகு கம்பிக்கு மாறி, கடைசியில் வட்டத்தட்டுக்கு வந்தார்கள். காலுக்குள் ஒரு தட்டு, உடம்புக்குள் ஒரு தட்டு, நடுவே போல்ட், வாசர், நட்டு. ஹார்ட்வெயார் கடையில் உள்ளே நைலோன் வளையம் உள்ள நட்டாகக் கேளுங்கள், அது கழராது. கையால் திருப்பக் கஷ்டமாக இருக்கும் அளவுக்கு இறுக்குங்கள். மூட்டில் இன்னொரு வசதி: பாதத்தைத் தட்டையாக வைத்துக்கொண்டே உடம்பைக் கொஞ்சம் பின்னுக்குச் சாய்த்து, தூக்குக்குண்டு விழும் இடத்தைக் கரடி செய்து முடிந்த பிறகும் சரிபண்ணலாம்.

தைத்து முடித்த அந்த 6 கரடிகளையும் பிரித்துக் கொட்ட வேண்டாம். குதிக்காலுக்கு மேலே மூடித்துண்டு நுழையும் அளவுக்கு, 2 அங்குலம் மட்டும், தையலைப் பிரியுங்கள். பஞ்சைக் கொஞ்சம் எடுத்து, மூடித்துண்டை மெல்ல வளைத்து உள்ளே விட்டு, பாரப்பையைக் குதிக்கால் பக்கம் தள்ளி வைத்து, மறைதையலால் மூடுங்கள். இடுப்பையும் பின்பக்கமாகப் பிரித்து இறுக்க வேண்டும். அதற்குப் பிறகு கரடியை இருத்தி வைக்க முடியாது, கடைக்காரரிடம் முதலே சொல்லிவிடுங்கள். பாதமே சிறிது என்றால் செருப்புத் தைத்துப் போடுங்கள், விரல் பக்கம் அரை அங்குலம் நீட்டி. சாரத்துணியில் செருப்புப் போட்ட கரடி கடையில் முதலில் போகும், அது வேறு கதை. வாலை மூன்றாவது காலாக வைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். அது பின்னால் விழும் கரடிக்கு, உங்களுடையதுக்கு அல்ல.

கொடுக்கும் முன் மேசையில் நிறுத்தி, மேசைக் காற்றாடியை மூன்றில் போட்டு 10 நிமிடம் விடுங்கள். நான் முதலில் கொடுத்த கரடிகள் என் வீட்டில் நின்று, கடைக் காற்றாடிக்கு முன்னால் வரிசையாக விழுந்தவை.