மாறா முடுக்கத்தில் விண்கலம் கடக்கும் தொலைவு: கேள்வி பதில்

கேள்வி (மன்னார்குடி மாணவி): 9.8 மீட்டர்/வினாடி² முடுக்கத்தில் ஓய்விலிருந்து கிளம்பும் விண்கலம் ஒரு நாளில் 2,822 மீட்டர்தான் கடக்கும் என்று விடை வருகிறது. எங்கே பிழை?

பதில்: முடுக்கத்தில் பாதியை நேரத்தின் வர்க்கத்தால் பெருக்கியது சரியே. ஆனால் நேரத்துக்கு 24 மணியை அப்படியே இட்டுவிட்டீர்கள். முடுக்கம் வினாடிக் கணக்கில் இருப்பதால் 86,400 என்று இட வேண்டும், ஏறத்தாழ 3.66 கோடி கி.மீ. வரும். அலகை மாற்றாமல் எண்ணைத் தொடாதீர்கள்.

கேள்வி (கும்பகோணம்): இதே முடுக்கத்தில் நிலவை அடைய எவ்வளவு நேரம் ஆகும்?

பதில்: ஈர்ப்பு விசைகளைக் கணக்கில் கொள்ளாமல், 3,84,400 கி.மீ. தொலைவையும் முடுக்கிக்கொண்டே கடந்தால் 2 மணி 28 நிமிடம். ஆனால் அங்கே சேரும்போது வேகம் வினாடிக்கு 87 கி.மீ. இருக்கும், இறங்க இயலாது. எனவே பாதி வழியில் கலத்தைத் திருப்பி, மீதி வழி முழுவதும் அதே அளவில் வேகத்தைக் குறைக்க வேண்டும்.

கேள்வி (மயிலாடுதுறை): அப்படியானால் நேரம் இரட்டிப்பாகுமே?

கேள்வி (மீண்டும் கும்பகோணம்): இல்லை, பாதியும் பாதியும் சேர்ந்து அதே 2 மணி 28 நிமிடம்தானே?

பதில்: இரண்டும் இல்லை. முடுக்கிக்கொண்டே செல்லும் கலம் முதல் பாதியை மெதுவாகவும் அடுத்த பாதியை விரைவாகவும் கடக்கிறது. அந்த 2 மணி 28 நிமிடத்தில் முதல் பாதிக்கே 1 மணி 44 நிமிடத்துக்குச் சற்று மேல் (6,263 வினாடி) போய்விடுகிறது, மற்ற பாதிக்கு 43 நிமிடமே ஆகிறது. பாதியில் திருப்பினால், வேகத்தைக் குறைக்கும் பயணம் முதல் பாதியைத் தலைகீழாக ஓட்டியது போன்றதாகையால், அதற்கும் 6,263 வினாடி ஆகும். மொத்தம் 3 மணி 29 நிமிடம். அதாவது நேரம் இரண்டின் வர்க்கமூலம் மடங்கு, 1.41 மடங்கு, ஆகிறது. தொலைவு எதுவானாலும் இந்த விகிதம் மாறாது என்பதுதான் இக்கணக்கின் அழகு.

கேள்வி (நாகப்பட்டினம்): ஒரு மணி நேரத்துக்கு 4.9 மீட்டர் வருகிறது.

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். 3,600 வினாடி, 63,504 கி.மீ.

கேள்வி (திருவாரூர்): ஓராண்டு இப்படியே சென்றால்?

பதில்: பள்ளிச் சூத்திரப்படி 354 நாளிலேயே ஒளியின் வேகத்தை எட்டிவிடும், அது நடவாது. அங்கே ஒளியின் வேகத்தை நெருங்கும் இயக்கத்துக்கான ஐன்ஸ்டீனின் சிறப்புச் சார்பியல் கோட்பாடு வேண்டும். கலத்தின் கடிகாரத்தில் ஓராண்டு ஆகும்போது புவியிலிருந்து அளந்த தொலைவு சுமார் 0.56 ஒளியாண்டு (ஒளி ஓராண்டில் கடக்கும் தொலைவே ஒளியாண்டு).

கேள்வி (தஞ்சாவூர்): பிறகு ஏன் சந்திரயான்-3 நாற்பது நாள் எடுத்துக்கொண்டது?

பதில்: 2023 ஜூலை 14 முதல் ஆகஸ்ட் 23 வரையிலான அந்தப் பயணத்தில் எஞ்சின் இயங்கியது சிறிது நேரமே; மற்ற நேரமெல்லாம் கலம் ஈர்ப்பின் வழியே சென்றது. எஞ்சின் இயங்கும்போதும், உந்துவிசை மாறாமலே எரிபொருள் தீர்ந்து எடை குறைவதால், முடுக்கம் கூடிக்கொண்டே போகும். ஆகவே இந்தச் சூத்திரத்தை அதற்கு அப்படியே இட முடியாது.